புதுச்சேரியில் ஒரு பழைய வீடு: எதை மாற்றுவது, எதை விடுவது

புதுச்சேரியில் பழைய வீடு வாங்கினால் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இடிச்சுக் கட்டப் போறீங்களா, அப்படியே வெச்சுக்கப் போறீங்களா?" இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டால் அவர்களுக்கு நிம்மதி. வீட்டுக்குள் ஒரு சுற்றுப் போய் வந்தவர்களுக்குத்தான் தெரியும், இந்தக் கேள்விக்கு மொத்த வீட்டுக்குமாக ஒரே பதில் கிடையாது. ஒரு அறையின் கூரை இன்னும் ஐம்பது வருஷம் தாங்கும், பக்கத்து அறையின் கூரை வருகிற கார்த்திகையைத் தாண்டாது. நாங்கள் கடைசியில் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால்தான் ஒப்பிட்டுப் பார்த்தோம்: தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது, எந்த வழியாக வெளியே போகும்? அழகு, செலவு எல்லாம் அதற்கு அப்புறம்.

வீடு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கிறது. தெருவோரம் தாழ்வாரம், திண்ணை, நடை, முற்றத்தைச் சுற்றி மரத்தூண் வைத்த கூடம், இரண்டு பக்கமும் அறைகள், பின்னால் சமையல்கட்டு, கொல்லை. மாடியில் தெருப்பக்கம் ஒரே ஒரு அறை, உயரமான ஜன்னல்களோடு. கீழே தமிழ் வீடு, மேலே பிரெஞ்சு வீடு என்ற இந்தக் கலப்பைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. எங்களுடையது அதன் ஏழைப் பங்காளி.

முகப்பைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வைசியாள் வீதியில் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று சீரமைத்த முகப்புகளைப் போய்ப் பார்த்தாலே போதும், என்ன செய்ய வேண்டும் என்று புரிந்துவிடும். வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தால் முகப்பைத் தொடுவதற்கு முன் அனுமதி விஷயத்தையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். குழப்பமெல்லாம் வாசக்காலைத் தாண்டிய பிறகுதான்.

முதலில் கூரை. கூடத்துக்கும் முன் அறைகளுக்கும் மெட்ராஸ் டெரஸ். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் ஒரு அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்களைக் குத்துவாக்கில், கோணலாக, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்குப் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் அடித்து இறுக்குவார்கள். மேலே தட்டோடு. கம்பியும் கிடையாது, சிமெண்டும் கிடையாது. கடலூர் முதுநகரில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கும் இது பழக்கமான கூரைதான்.

இந்தக் கூரை நடுவில் கெடுவது அபூர்வம். கெடுவது கட்டையின் முனை, அதாவது சுவருக்குள் புதைந்திருக்கும் பகுதி. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் அடியில் விரிசல் விட்டால் மழைத் தண்ணீர் நேராக அந்த முனைக்குத்தான் போய்ச் சேரும். எங்கள் கூடத்தில் வடக்குச் சுவரோரம் ஒரு கட்டையின் முனையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் பிடி வரைக்கும் உள்ளே இறங்கியது, காப்பித்தூள் மாதிரிப் பொடி கொட்டியது. அதே கட்டையில் ஒரு முழம் தள்ளிக் குத்தினால் முனை வழுக்கிக்கொண்டு போகிறது, கீறல்கூட விழவில்லை. கீழே நின்று பார்த்தால் இரண்டு இடமும் ஒரே கறுப்பு பெயிண்ட். ஆகவே கூரையைப் பற்றி யார் என்ன சொன்னாலும், ஏணி போட்டு ஏறிக் கட்டையின் இரண்டு முனையையும் குத்திப் பார்க்காதவர் சொல்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

எங்கள் முன்னால் மூன்று வழி இருந்தது. கடலூரில் பொறியாளராக இருக்கும் என் மச்சான் முதல் நாளிலிருந்தே ஆர்.சி.சி. கட்சி, அதாவது கம்பி கட்டிக் கான்கிரீட் தளம் போடச் சொல்பவன். "மாமா, ஒரேயடியா தளம் போட்டுட்டா உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி." இரண்டாவது, கெட்ட கட்டைகளை மட்டும் மாற்றி மெட்ராஸ் டெரஸையே திரும்பப் போடுவது. மூன்றாவது, தேக்குக்குப் பதிலாக இரும்பு உத்தரம், அதாவது ஐ-செக்‌ஷன் கொடுத்து அதன் மேல் பழையபடி செங்கல் அடுக்குவது.

ஆர்.சி.சி. தளம் பழைய சுவருக்குப் பாரமாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. ஐந்து அங்குலத் தளம் சதுர மீட்டருக்கு 310 கிலோ அளவில் வருகிறது. குத்துச் செங்கல், சுண்ணாம்பு ஜல்லி, தட்டோடு எல்லாம் சேர்ந்த மெட்ராஸ் டெரஸும் ஏறக்குறைய அவ்வளவுதான், சில இடங்களில் கூடவே இருக்கும். வேறு இரண்டு இடத்தில்தான் வில்லங்கம். ஒன்று, தளம் வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் அந்த இழுப்புக்கு ஈடுகொடுக்காமல் மேல் வரிசையில் நீளமாக விரிசல் விடும். சுவர் உச்சியில் ஒரு கான்கிரீட் பட்டை ஓட்டி, அதற்கும் தளத்துக்கும் இடையில் தளம் வழுக்கி நகரும்படி ஒரு அடுக்கு வைத்தால்தான் சரிப்படும். இன்னொன்று, கடற்காற்று. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டிய வீடுகளின் சன்ஷேடுகளை அண்ணாந்து பாருங்கள்: கான்கிரீட் உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி எலும்பாகத் தெரியும். கடற்கரைச் சூழலுக்கு, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456, எம்-30 தரக் கான்கிரீட்டும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடலும் கேட்கிறது. தலைச்சுமையாகக் கலவை ஏற்றிப் போடும் சின்ன வேலையில் இதை யார் கறாராகப் பார்க்கப் போகிறார்கள்? மச்சான் பார்ப்பான், அது வேறு விஷயம்.

இரும்பு செக்‌ஷன் பார்க்க நேர்த்தியாக இருக்கும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் சுவருக்குள் புதைந்த முனையில் தேக்குக்கு வந்த அதே ஓதம், அதாவது சுவரின் ஈரம், இரும்புக்கும் வரும். தேக்கு மெதுவாக உளுக்கும், இரும்பு துருப்பிடித்து உப்பிச் சுவரையே பிளக்கும். துத்தநாகம் பூசி, முனைக்குச் சுற்றிலும் காற்று விட்டு வைத்தால் பரவாயில்லை. எங்களுக்கு அது நடைக்கு மட்டும் போதும் என்று பட்டது.

வில்லியனூரிலிருந்து வரும் எங்கள் மேஸ்திரி ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: ஒரு அறையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான கட்டை கெட்டிருந்தால் மாற்று, அதற்கு மேல் போனால் பிரி. எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். அதன்படி பார்த்தால் கூடமும் முன் அறைகளும் தப்பிக்கின்றன. பழைய மரக்கடைகளில் இடித்த வீட்டுத் தேக்கு கிடைக்கிறது. நூறு வருஷம் காய்ந்த கட்டை என்பதால் இனி முறுக்கிக்கொள்ளாது, ஆணித்துளைகளை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். முனை மட்டும் கெட்ட கட்டைகளுக்கு முழுக்கட்டைகூட வேண்டாம், கெட்டதை அறுத்துவிட்டு இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் முடுக்கி நீட்டிக்கொள்ளலாம். மேற்குப் பக்க அறை மட்டும் தேறாது. அதன் மேல் யாரோ ஒரு காலத்தில் குளியலறை கட்டி, ஆயிரம் லிட்டர் தொட்டியும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். நிறைந்த தொட்டி என்பது ஒரு டன். அங்கே மச்சான் கேட்ட ஆர்.சி.சி.யே போகட்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது தை பிறந்த பிறகுதான். இங்கே ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். வேலைக்காகக் காத்திருக்கும் காலம்தான் பழைய கூரைக்கு ஆபத்தான காலம். 1870-களில் கட்டிய மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பரில் மழையோடு மழையாக இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. இப்போது கடற்கரையில் நிற்பது அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தது. நகரத்தின் அடையாளமாக இருந்த கட்டடத்துக்கே அந்தக் கதி. அதனால் எந்த முடிவும் எடுப்பதற்கு முன்பே சவுக்குக் கம்பு வாங்கி, கெட்ட முனைகளுக்குக் கீழே பலகை வைத்து முட்டுக் கொடுத்துவிட்டோம். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் துளைகளில் அடைத்திருந்த அரசஞ்செடிகளை வேரோடு எடுத்தாயிற்று. தொட்டியைக் காலி செய்தாயிற்று. இந்த மூன்றுக்கும் ஆன செலவு சொற்பம்.

சுவருக்கு வருவோம். கூடத்துச் சுவரில் ஒரு காலத்தில் நெஞ்சு உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. முன்பு இருந்தவர்கள் இதைப் பார்த்து, நாலடி உயரத்துக்குப் பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசி, அதன் மேல் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். விளைவு, நாலடி வரைக்கும் சுவர் பளபளவென்று இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றரை அடிக்குக் காரை பொரிந்து தொங்குகிறது. ஓதம் நிற்கவில்லை, சிமெண்டைத் தாண்டி மேலே ஏறிவிட்டது, அவ்வளவுதான். ஒரு இடத்தில் சிமெண்டைப் பெயர்த்துப் பார்த்தபோது பின்னால் செங்கல் கையில் ஈரம் ஒட்டும் அளவுக்கு நனைந்திருந்தது, அதுவும் சித்திரை மாதத்தில்.

இதற்கும் மூன்று யோசனை வந்தது. நீர்புகா ரசாயனம் கலந்து மறுபடியும் சிமெண்ட் என்பது முதலாவது. பெயிண்ட் கடைக்காரர் இதற்கு உத்தரவாதம்கூடக் கொடுத்தார். அந்த உத்தரவாதம் பூச்சுக்குத்தான், சுவருக்கு இல்லை. இரண்டாவது, சுவரடியில் வரிசையாகத் துளை போட்டு சிலிக்கோன் கலவையைச் செலுத்தி ஓதத்தைத் தடுப்பது. சீரான செங்கல் சுவரில் இது ஓரளவு வேலை செய்யும். ஒன்றரை அடிக் கனத்தில், நடுவில் உடைகல்லும் சாந்தும் அடைத்திருக்கக்கூடிய சுவரில் கலவை எங்கே போகிறது என்று யாரும் பார்க்க முடியாது. மூன்றாவது, சிமெண்டை முழுக்க எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமனே காயவிட்டு, பிறகு சுண்ணாம்பு பூசுவது.

மூன்றாவதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் உள்ள சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். சுண்ணாம்பு ஓதத்தை நிறுத்தாது. ஈரத்தை வெளியே விட்டுக் காயவைக்கும், அவ்வளவே. கூடவே உப்பும் வெளியே வரும். முதல் ஓரிரு வருஷம் சுவரின் அடிப்பகுதிக் காரை உதிரலாம். அதை எடுத்துவிட்டு மறுபடியும் பூச வேண்டியிருக்கும். இதைத் தெரிந்து செய்தால் பராமரிப்பு, தெரியாமல் செய்தால் சண்டை. விலையும் சிமெண்ட் பூச்சைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள், ஏனென்றால் கைவேலை அதிகம், சுண்ணாம்பு குழியில் ஊற வேண்டும், பூச்சை அவசரமாகக் காயவிடக் கூடாது. சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த ஆட்கள் ஆரோவில் பக்கத்தில் வேலை செய்து பழகியவர்களாகக் கிடைக்கிறார்கள். பணம் போதாவிட்டால் மேல் சுவரை விட்டுவிட்டுக் கீழ் ஐந்தடிக்கு மட்டுமாவது சுண்ணாம்பு பூசுங்கள். நம் ஊரில் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

வயரிங்குக்காகச் சுவரைக் கொத்த வேண்டாம். வெளியே தெரியும்படி குழாய் ஓட்டினால் போதும், அது கண்ணுக்கு உறுத்துவது முதல் மாதம்தான்.

இப்போது வீட்டிலேயே அதிகம் சண்டை நடந்த விஷயம்: தரை மட்டம். தெருவில் தார் போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, இன்று கூடத்தின் தரை தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. திண்ணையும் நடையும் இன்னும் ஒரு படி மேலே இருப்பதால் சாதாரண மழைக்குத் தண்ணீர் வராது. ஆனால் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கூடத்துத் தூண்களில் ஒரு சாண் உயரத்தில் சேற்றுக்கோடு ஒன்று இன்னும் இருக்கிறது. எதிர்வீட்டு அம்மா, "அது புயல் கோடு தம்பி, துடைச்சாலும் போகாது" என்றார்.

என் அம்மாவுக்கு ஒரே பிடிவாதம்: தரையை இரண்டடி உயர்த்த வேண்டும், வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் படியே இல்லாமல் ஒரே மட்டமாக வேண்டும். முழங்கால் வலிக்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உயர்த்தினால் என்ன ஆகும்? அறைக் கதவுகள் ஆறடிதான். இரண்டடி மண் கொட்டினால் நாலடி வாசலில் குனிந்து போக வேண்டும், இல்லை என்றால் எல்லா வாசக்காலையும் பெயர்த்து மேலே வைக்க வேண்டும். தூண்களின் அடியில் இருக்கும் கருங்கல் புதைந்துபோய் மரம் மண்ணில் நிற்கும், கரையானுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. எல்லாவற்றையும்விட மோசம், கொட்டிய ஈரமண்ணைச் சுவர் தொட்டுக்கொண்டிருக்கும். இன்று தலை உயரத்தில் நிற்கும் ஓதம் இரண்டடி மேலே போய் நிற்கும்.

அடுத்த யோசனை, வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குவது. சென்னையில் இது சகஜமாகிவிட்டது. சுவரை அடியில் அறுத்து, இரும்புச் சட்டம் கொடுத்து, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை ஒரே சீராகத் திருகி வீட்டை உயர்த்துகிறார்கள். சிமெண்டில் கட்டிய, சுவரும் தளமும் ஒன்றாகப் பிடித்திருக்கும் வீட்டுக்கு அது சரி. எங்கள் மேஸ்திரியிடம் கேட்டதற்கு ஒரு நிமிஷம் தூணையே பார்த்தார். "தூண் எல்லாம் சும்மா கல்லு மேல உக்காந்திருக்கு சார். எதைப் பிடிச்சுத் தூக்குறது?" அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடைசியில் தரையை இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுவது என்று முடிவு. தண்ணீரை வாசலிலேயே மறிப்பதற்கு வாசக்காலின் இரண்டு பக்கமும் பள்ளம் எடுத்து, புயல் அறிவித்தால் செருகி, மழை விட்டால் கழற்றுகிற மாதிரிப் பலகை. முற்றத்திலிருந்து தெருச் சாக்கடைக்குப் போகும் குழாயில் தண்ணீர் எதிர்த்து வராமலிருக்க ஒரு வால்வு. முற்றத்து மூலையில் சின்னத் தொட்டி, அதில் ஒரு பம்பு. மழைநீரை உறிஞ்சுகுழிக்கு விடலாமே என்று கேட்பார்கள். விடலாம், ஆனால் கடலோரத்தில் ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீரே மேலே வந்து நிற்கும்போது குழி எதை உறிஞ்சும்? பம்பு கட்டாயம். அதற்குக் கரண்ட் இல்லாத நேரத்தில் ஓட இன்வெர்ட்டரும் கட்டாயம். அம்மாவுக்காக நடையிலிருந்து கூடத்துக்குப் படிக்குப் பதில் சரிவும் கைப்பிடியும். அவர் இன்னும் சமாதானமாகவில்லை.

தரையின் மேற்பரப்பைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. வெர்ட்டிஃபைடு டைல்ஸ் மலிவு, துடைக்கச் சுலபம், ஆனால் அது ஈரத்தை விடாது. தரைக்கடியில் தேங்கும் ஈரம் சுவர் ஓரத்தைத்தான் தேடிப் போகும். காவி ஆக்சைடு தரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதைப் பாளம் வெடிக்காமல் தேய்த்துத் தரும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள், ஒரு இடத்தில் அடி இறங்கினாலும் விரிசல் காட்டிக்கொடுத்துவிடும். சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வார்ப்பது, சுடுவதில்லை, ஒன்று உடைந்தால் ஒன்றை மாற்றலாம். கூடத்துக்கு அது. அறைகளில் ஏற்கெனவே இருக்கும் பழைய பூப்போட்ட சிமெண்ட் கற்களைத் தொடப் போவதில்லை.

முற்றத்தை மூடுவதா என்பது அடுத்தது. கொசு, குரங்கு, திருடன், மழைச்சாரல் என்று மூடுவதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். பலரும் பாலிகார்பனேட் ஷீட்டைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். அதற்குக் கீழே சித்திரை மதியத்தில் ஐந்து நிமிஷம் நின்றால் போதும், இந்த வீடுகளில் முற்றம் எதற்கு என்று புரிந்துவிடும். வீட்டின் சூடு மேலே போகும் வழியும், ஓதம் ஏறிய சுவர்கள் காயும் வழியும் அதுதான். சுவரில் சுண்ணாம்பு பூசிவிட்டு முற்றத்தை அடைப்பது கொடுத்த காசைத் திருப்பி எடுத்துக்கொள்வதற்குச் சமம். கம்பி வலை போடலாம். சாரலுக்காகக் கட்டாயம் ஏதாவது வேண்டுமென்றால், கூரை மட்டத்துக்கு மேலே இரண்டடி தூக்கி, நான்கு பக்கமும் காற்றுப் போகும்படி திறந்து வைத்து ஒரு கண்ணாடிக் கூரை போடலாம். நாங்கள் இந்த வருஷம் வலை மட்டும்தான்.

மச்சானுக்கும் எனக்கும் முழு உடன்பாடு உள்ள இடம் கொல்லைப்புறம். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சமையல்கட்டையும் அதை ஒட்டிய கழிப்பறையையும் எடுத்துவிட்டு, அங்கே தனித் தூண்களோடு, பழைய சுவரைத் தொடாமல், புதிதாக ஒரு ஆர்.சி.சி. கட்டடம். சமையலறை, இரண்டு குளியலறை, மேலே தண்ணீர்த்தொட்டி எல்லாம் அதில். இரண்டுக்கும் நடுவில் ஒரு அங்குல இடைவெளி, மேலே தகடு. இதற்கு நகர திட்டக் குழுமத்தின் அனுமதி வாங்க வேண்டும், அதனால் வரைபடம்தான் முதலில் போகிறது. பழைய வீட்டுக்குள் இனிமேல் ஒரு தண்ணீர்க் குழாய்கூட ஓடாது.

செலவைக் கூட்டிப் பார்த்தால் முழுக்க இடித்துக் கட்டுவதைவிட இது மலிவு என்று சொல்ல முடியாது, ஏறக்குறைய சமம்தான் வருகிறது. ஆனால் இடித்துக் கட்டுவதற்கு மொத்தப் பணமும் ஒரே வருஷத்தில் வேண்டும். இதில் முதல் வருஷம் கூரையும் கொல்லைக் கட்டடமும், அடுத்த கோடை முழுக்கச் சுவர் காயட்டும், அதற்கடுத்து பூச்சும் தரையும் என்று பிரித்துக்கொள்ளலாம். வங்கிக் கடனைப் பொறுத்தவரை இது கொஞ்சம் இடறல், அவர்கள் கட்டடம் மட்டத்துக்கு மட்டம் எழும்புவதைப் பார்த்துப் பணம் விடுவார்கள், காய்ந்துகொண்டிருக்கும் சுவருக்கு எந்த மேலாளரும் தவணை விட மாட்டார். அதனால் கொல்லைக் கட்டடத்துக்கு மட்டும் கடன் கேட்டிருக்கிறோம்.